புளிக்காத தயிர்

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் இறங்கும். இறங்க இறங்கத் தயிர் கெட்டிப்படும். ஒரு பகல் முழுக்கத் தொங்கினால் அதில் கரண்டியைக் குத்தி நிறுத்தலாம், சாயாது. கடையில் கிரீக் யோகர்ட் என்று சின்ன டப்பாவில் அடைத்து விற்பது இதைத்தான் என்று நாத்தனார் சொன்னபோது தையல்காரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"தண்ணிய எடுத்துட்டா வெல ஏறிடுமா? அப்ப உங்க அண்ணனப் பிழிஞ்சு தொங்கவிடலாம். நாலு காசு தேறும்."

"அண்ணனப் பிழிஞ்சா தண்ணி வராது அண்ணி. கரிதான் வரும்."

இருவரும் சிரித்தார்கள். நாத்தனார் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆறு மாதம் முடிந்து ஏழு நடக்கிறது. இதற்கு முந்தையது ஐந்தாம் மாதமே கலைந்துபோயிற்று. இந்தத் தடவையும் கர்ப்பப்பை இளகி இருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, மனதுக்கு அதிர்ச்சி தருகிற எதையும் காதில் போடக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே தூங்குகிறவன். அதனால் அண்ணன் போய் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். இரண்டே அறை. ஒன்றில் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். இன்னொன்றில் கட்டில். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்தார்கள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும். அந்த வீட்டில் அப்போது வேறு கவலைக்கு இடமில்லை.

ஆனால் அவள் வயிற்றில் சாப்பாடு எதுவும் தங்கவில்லை. சூடாக எதைக் கொண்டுவந்தாலும் வாசனைக்கே குமட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஓட்டலின் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை பார்த்தவள். அடுப்பே இல்லாத, குளிர்ந்த பக்கத்தில் வேலை. அங்கே கற்றதில் ஒன்றுதான் இப்போது அவளுக்கு இறங்கியது.

"வெள்ளரிக்காய நல்லாத் துருவுங்க அண்ணி. உப்புப் போட்டுப் பிசறி வச்சிடுங்க. தண்ணி விடும். அத ஒரு சொட்டு இல்லாமப் பிழியணும். தண்ணி இருந்துச்சுன்னா அப்புறம் அது தொட்டுக்கற டிப் இல்ல, மோரு."

"பிழியறேன் தாயே."

"பூண்டு ரெண்டு பல்லு, உப்போட நசுக்குங்க. எலுமிச்சம்பழம் கொஞ்சம். ஆலிவ் எண்ணெய் கடைசில. புதினா கிள்ளிப் போடுங்க."

"பச்சைப் பூண்டா? வாசமே எனக்கு ஆகாது. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் கிண்டணும்."

அப்படித்தான் கிண்டினாள். ஒரு நாள்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. உப்பு சரியா என்று நாத்தனாரே பார்த்துச் சொல்வாள். ரொட்டித் துண்டைத் தோய்த்து, காரட்டைத் தோய்த்து, கடைசியில் விரலால் வழித்துக் கிண்ணத்தைக் காலி செய்வாள். உள்ளே போனது வெளியே வரவில்லை. தையல்காரிக்கு அதுவே போதும்.

தொல்லை கொடுத்தது துணிதான். மல்லுத் துணியில் கட்டினால் தயிரும் சேர்ந்து ஒழுகியது. கெட்டித் துணியில் கட்டினால் தண்ணீரே இறங்கவில்லை. வெள்ளரிக்காயைப் பிழிந்த பிழியில் ஒரு துணி நடுவில் பிளந்து, துருவல் எல்லாம் சுவரில் ஒட்டியது.

"எங்க பிரஸ்ஸுக்குப் போடற துணி இருக்குல்ல, அது கிழியவே கிழியாது" என்றான் அவள் புருஷன். "நாலு ஆளு பலத்துக்கு நசுக்கினாலும் தண்ணி மட்டுந்தான் வெளிய வரும்."

அவன் உலையில் வேலை செய்கிறவன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை. உடைத்த பேட்டரிக்குள் இருக்கும் சாம்பல் நிறச் சேற்றைத் தண்ணீரில் அலசி, பிரஸ்ஸில் வரிசையாகத் துணி கட்டிய இரும்புப் பலகைகளுக்கு நடுவே ஏற்றி நசுக்குவார்கள். தண்ணீர் போய்விடும். சேறு பாளமாக நிற்கும். பாளம் உலைக்குப் போகும். அந்தத் துணியில் படிந்தது என்ன என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். பிரஸ்ஸில் ஏறிய துணியைக் கையுறை இல்லாமல் தொட மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற பேச்சே கிடையாது.

"எதையாவது தூக்கிட்டு வந்துடாதீங்க" என்றாள் அவள்.

"நான் என்ன கூறு கெட்டவனா? பிரஸ் துணி வேற, ஸ்டோர் துணி வேற. ஸ்டோர்ல அடுக்கி வச்சிருக்கறது புதுசு. சாவிகிட்டக் கேட்டா ஒரு முழம் குடுப்பாரு."

ஸ்டோர்காரரை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஒரு கொத்து தொங்கும். நடந்தால் சத்தம் கேட்கும். தங்கச்சி மாசமா இருக்கா, தயிர் வடிக்கணும் என்று இவன் கேட்டதும், "மாசமா இருக்கற புள்ளைக்கா? முழம் என்னடா முழம், ரெண்டு கெஜம் எடுத்துக்க" என்று அலமாரியிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டார். பழுப்பேறாத, வெள்ளையான துணி. சோப்பு வாசம் அடித்தது.

தையல்காரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"புதுத் துணின்னா மொடமொடன்னு இருக்கும். இது பூ மாதிரி இருக்கே."

"ஒசத்தித் துணி. வெளியூர்லேர்ந்து வருது."

"ஓரத்துல தச்சுப் பிரிச்ச ஓட்டை இருக்கு பாருங்க, வரிசையா."

"மெஷின்ல அப்படி வருமா இருக்கும். உனக்கு எல்லாத்துலயும் நொட்டை."

அவள் வெந்நீரில் ஒரு முறை அலசி, காயப்போட்டு, அன்றைக்கே தயிரைக் கட்டினாள். சொட்டுச் சொட்டாக, தெளிவாக இறங்கியது. தயிர் ஒரு துளி ஒழுகவில்லை. வெள்ளரிக்காயை அதே துணியில் போட்டு முறுக்கினாள். உள்ளங்கை சிவக்க முறுக்கியும் ஒரு நூல் விடவில்லை.

"அம்மாடி, இதுல்ல துணி" என்றாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் தயிர் தொங்காத நாள் இல்லை. காலையில் ஒரு கிண்ணம், மத்தியானம் ஒரு கிண்ணம். நாத்தனாருக்கு வாந்தி நின்றது. ஆனால் வேறு சில வந்தன. மலம் கட்டிக்கொண்டது. அடிவயிற்றில் அவ்வப்போது ஒரு முறுக்கல், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி என்று அவளே சொன்னாள். தலைவலி விடவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தவள், காதுக்குள் நூல் போகாமல் எரிச்சலில் ஊசியை வீசினாள். அப்புறம் அதற்காக அழுதாள்.

"ஏழாம் மாசம் இப்படித்தான் இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி, பிள்ளை பெற்றவள் என்ற தைரியத்தில். "எனக்கு அப்ப எங்க வீட்டுக்காரரப் பாத்தாலே அடிக்கணும்னு இருக்கும்."

"இப்ப மட்டும்?"

"இப்ப அடிச்சிடறேன்."

சிரித்துவிட்டுப் போனாள். முறுக்கல் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தயிர் புளிக்கவில்லை. வெயில் காலத்தில், தொங்கவிட்ட தயிர் மாலைக்குள் சுள்ளென்று ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நடுவில் ஃபிரிட்ஜ் கெட்டு ஒரு நாள் முழுக்க வெளியில் இருந்த தயிர்கூட அப்படியே இருந்தது. தையல்காரி அதைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டாள்.

உலைக்காரனுக்கு அன்று காலை ஷிஃப்ட். மத்தியான வெயிலோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தங்கை மடியில் கிண்ணம் இருந்தது. பாதி காலி.

"சாப்டறியாண்ணா? அண்ணி கை எப்படிப் பழகிடுச்சு பாரு. மொதல்ல எல்லாம் புளிக்கும். இப்பல்லாம் புளிப்பே இல்ல. எலுமிச்சம்பழம் பிழிஞ்சும் இனிக்குது."

"என்னது?"

"இனிக்குதுங்கறேன். சக்கரை போட்ட மாதிரி."

"சக்கரை எல்லாம் ஒண்ணும் போடல" என்று மெஷினை நிறுத்தாமலே அந்த அறையிலிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள். "எல்லாம் என் மனசு."

அவன் கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினான். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு தெரிந்தது. பூண்டு தெரிந்தது. புதினா. எல்லாம் கரைந்து போனபிறகு, நாக்கின் அடியில், உதட்டின் ஓரத்தில், ஒன்று நின்றது.

அவனுக்கு அது தெரியும். உலைப் பக்கம் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். முகமூடி சரியாக இல்லாமல் நாள் முழுக்க நின்றால் ஈயத்தூள் உதட்டில் வந்து உட்காரும், இனிக்கும். கல்கண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். எவனாவது உதட்டை நக்கிக்கொண்டு நின்றால், "என்னடா, கல்கண்டா?" என்பார்கள். ஆமாம் என்றால் கங்காணி அவனை உலையிலிருந்து எடுத்து முற்றத்தில் போடுவார், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இவனுக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. கல்கண்டு வந்து, வயிறு கல்லாகி, மணிக்கட்டு தொங்கிப்போய் வீட்டோடு கிடப்பவன் ஒருவன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான்.

தங்கை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா? பூண்டு அதிகமா?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதிர்ச்சி தருகிற எதையும் காதில் போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவன் வாயை அடைத்தது. ஒருவேளை நாக்குத் தன்னுடையதுதானோ, காலையில் உலையில் நின்ற உதடுதானே என்றும் ஒரு நினைப்பு. ஸ்டோர் துணி அது. புதுசு. கேட்காமல் எப்படிச் சொல்வது?

அவன் எழுந்தான். எழுகிற சாக்கில் கிண்ணத்தைத் தரையில் போட்டான். பீங்கான் சிதறியது.

தையல்காரி ஓடிவந்தாள். "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? பாதி நாள் தொங்கவிட்டுப் பண்ணினது! புள்ளைத்தாச்சி சாப்டறதப் புடுங்கிக் கொட்டறீங்களே!"

"கை வழுக்கிடுச்சு."

"வழுக்கும் வழுக்கும். நீ கட்டில விட்டு எறங்காத தாயே, கால்ல குத்திடும். எல்லாத்தையும் நான் அள்ளறேன்."

அவன் கொல்லைப்பக்கம் போனான். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இனி கட்டுவதற்குத் துணி இல்லை. நாளைக் காலை சாவியிடம் கேட்டுவிடலாம். அதுவரை ஒன்றும் ஆகாது என்று நினைத்தான். தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போனவன், எல்லோரும் தூங்கியபிறகுதான் திரும்பினான்.

இரண்டு கெஜத்தை அவள் முதல் நாளே இரண்டாக வெட்டி ஓரம் அடித்து வைத்திருந்தாள். ஒன்று அழுக்கானால் ஒன்று. அது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஸ்டோர் வாசலில் போய் நின்றான். சாவி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்குக் குடுத்தீங்களே துணி. அது புதுசுதானே?"

"புதுசு அடுக்குலேர்ந்துதானே எடுத்தேன்."

"அடுக்கு இருக்கட்டும்ணே. துணி புதுசா?"

சாவி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "என்னடா போலீஸ்காரன் மாதிரி கேக்கற? நல்லா இருக்கற துணிய எதுக்குத் தூக்கிப் போடறது? பாளம் புடிச்சுப்போன துணிய சோடா உப்பு போட்டு வெளுத்து, கெட்டுப்போன ஓரத்த வெட்டி, மறுபடி தச்சு வைக்கிறதுதான். மேல சொல்லியிருக்காங்க. மறுபடி பிரஸ்ஸுக்குத்தானே போவுது? வெளுத்து வந்தா எல்லாம் புது அடுக்குதான்."

உலைக்காரன் சட்டைக்குள்ளிருந்து துணியை எடுத்தான். ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். இழைகளுக்கு நடுவே, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெள்ளைக்குக் கீழே ஒரு சாம்பல்.

"தயிரு வடிக்கன்னு சொன்னேனேண்ணே."

"சொன்ன. வடிகட்டத்தான்னு குடுத்தேன். வெள்ளையா இருந்துச்சுடா..." சாவி டீயைக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

அவன் துணியோடு ஆலை கேட்டுக்கு வெளியே ஓடினான். கங்காணி பின்னாலிருந்து கத்தியது கேட்டது. நிற்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் கம்பியில் தயிர் மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரத்தில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. தங்கை கட்டிலில் உட்கார்ந்து காலிக் கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொட்டிட்டியேன்னு அண்ணி நேத்து சாயங்காலமே இன்னொண்ணு கட்டிட்டாங்க. ராத்திரியும் சாப்டேன், இப்பவும் சாப்டேன். உனக்கு மிச்சம் வைக்கல, போ."

அவன் அவள் விரலைப் பிடித்தான். தன்னுடையது ஆலைக் கை. பிடித்தபிறகுதான் அது உறைத்தது. விட்டான்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? ரத்தப்போக்கு எதுவும் இல்லையே?"

"எந்திரின்னா எந்திரி!"

தையல்காரி வாசலில் வந்து நின்றாள். அவன் கையிலிருந்த துணியையும் ஜன்னலில் தொங்கிய துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் கேட்டேன்" என்றாள் மெதுவாக. "ஓட்டை இருக்குன்னு நான் அன்னிக்கே கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தங்கையை அங்கேயே சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அவன் பெண்டாட்டியிடமும் எடுக்கச் சொன்னார்கள்.

"எனக்கு எதுக்கும்மா? பச்சைப் பூண்டே எனக்கு ஆகாது. அத நான் ஒரு வாய் தொட்டதில்ல."

"ஒரே வீட்டுல இருக்கீங்க. எடுத்து வைப்போம்."

முடிவு வர நாள் பிடித்தது. அவர்களை உள்ளே கூப்பிட்டபோது டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். தங்கையையும் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்திருந்தார்கள்.

"இவங்களுக்கு அதிகம். அது எதிர்பார்த்ததுதான்" என்று தங்கையைக் காட்டிச் சொன்னாள். "ஆனா உங்க வீட்டம்மாவுக்கும் இருக்கு. இவங்க அளவுக்கு இல்ல. ஆனா இருக்கவே கூடாத அளவு. அந்த டிப்ப இவங்க தொடவே இல்லங்கறாங்க."

"சத்தியமா தொடலம்மா."

"அப்ப வேற எங்கயிருந்தோ வருது." டாக்டரம்மா உலைக்காரனின் சட்டையைப் பார்த்தாள். "நீங்க வேலைக்குப் போட்டுட்டுப் போற துணிய யாரு துவைக்கிறது?"

"நான்தான்" என்றாள் தையல்காரி.

"எங்க? ஆலைலயா?"

"வீட்லதான். கையால. மண்ணு மாதிரி கொட்டும். உதறிட்டுத்தான் நனைப்பேன்."

"நீங்க கல்யாணமாகி வர்றதுக்கு முன்னால?"

மேலே மின்விசிறி கிரீச்சிட்டது.

"நான்" என்றாள் தங்கை. "அம்மா போனதுலேர்ந்து நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும். அண்ணி வந்தப்புறமும் ரெண்டு பேரும் சேந்து துவைப்போம்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "ஈயம் உடம்புல போனா அத்தனையும் வெளிய வராது. எலும்புல போய் உக்காந்துக்கும். வருஷக்கணக்கா இருக்கும். பிள்ளை உண்டானதும் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்னு அம்மாவோட எலும்பு கரையும். அப்ப அதுவும் கூட இறங்கும். துணி விஷயம் இப்ப சில வாரமா நடந்தது. அதுக்கு முன்னாலயும் இவங்களுக்கு இருந்திருக்கணும்."

தங்கை நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். "மொதப் புள்ளைக்கும் அதுதானா?"

"அத இப்ப யாராலும் சொல்ல முடியாதும்மா."

"இதுக்கு?"

"நாடி இருக்கு. எடை குறைவா இருக்கு. மருந்து குடுக்கறோம், பாத்துக்கிட்டே இருக்கணும். அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பப் போக வேணாம். அங்கிருந்து எதுவும் வரவும் வேணாம். துணி, பாத்திரம், எதுவும்."

தங்கையின் புருஷன் லாரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவன் எங்கோ பாதி வழியில் இருந்தான். சாவி ஆலையில் அந்த அடுக்கு முழுவதையும் இறக்கிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு நாளில் மறுபடி ஏறிவிட்டது என்று வேறு யாரோ சொன்னார்கள். உலைக்காரன் கேட்டுக்கொள்ளவில்லை. குழாயடியில் நின்று முழங்கை வரை தேய்த்துக் குளித்தான். கடைக்குப் போய்த் தங்கைக்கு இரண்டு நைட்டியும் ஒரு போர்வையும் வாங்கினான். தனக்கும் ஒரு சட்டை வாங்கி, கடையிலேயே மாற்றிக்கொண்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

வார்டில் மாலை வெளிச்சம் இருந்தது. தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தையல்காரி சுவரோரம் ஒரு ஸ்டூலில், கட்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் பையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

தங்கை பையைப் பார்க்கவில்லை. பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நகக்கண்ணில், ரேகைகளில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு.

"அங்கயே வைண்ணா" என்றாள். கோபம் இல்லை குரலில். "நர்ஸ் வந்து எடுத்துக்குவாங்க."

அவன் வாசல்படிக்கு உள்ளே, சுவரை ஒட்டிப் பையை வைத்தான். பின்வாங்கி வெளியே நின்றான்.

"புள்ள அசையுதாம்மா?"

அவள் வயிற்றில் கையை வைத்து, தலையைச் சாய்த்து, யாரும் பேசாதீர்கள் என்பதுபோல் மற்றக் கையை உயர்த்தினாள். தையல்காரி ஸ்டூலில் முன்னால் குனிந்தாள். அவன் கதவு நிலையைப் பிடிக்கப்போய், பிடிக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றான். உயர்த்திய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.